எடை நிரப்பும் கண்ட்ரோலர்: நாளுக்கொரு வாட்ச்டாக் ரீசெட், ஷிப்டுக்கு ஒன்றிரண்டு கனத்த பாக்கெட் (தீர்ந்தது)

#1 எடைக்கல் (திங்கள், இரவு 10.40)

வணக்கம். மூன்று வாரமாக ஒரே பிழையோடு மல்லுக்கட்டுகிறேன். தனியாக இனி முடியாது என்றுதான் இங்கே வந்திருக்கிறேன்.

கோவையில் சின்ன நிறுவனம் எங்களுடையது. மசாலாத் தூள் நிரப்பும் இயந்திரத்துக்குக் கண்ட்ரோலர் போர்டு செய்கிறோம். மேலே தூள் நிற்கும் ஹாப்பர், நடுவில் தூளைத் தள்ளும் ஸ்க்ரூ, கீழே லோட்செல்லில் (எடை உணரி) தொங்கும் பக்கெட். பாக்கெட் 500 கிராம். முதல் 450 கிராம் வரை ஸ்க்ரூ வேகமாகச் சுற்றும், பிறகு வேகம் குறையும், இலக்கு எடை வந்ததும் நிற்க வேண்டும். மெதுவாகச் சுற்றும்போதே செகண்டுக்கு 80 கிராம் விழுகிறது. நிமிடத்துக்கு 30 பாக்கெட்.

சிப் எஸ்டிஎம்32எஃப்103, 72 மெகாஹெர்ட்ஸ். ஃபிரீஆர்டிஓஎஸ் (பல வேலைகளுக்குச் சிபியு நேரத்தைப் பிரித்துக் கொடுக்கும் சிறிய இயங்குதளம், ஆர்டிஓஎஸ் வகை) ஓடுகிறது. அதில் ஓடும் தனித்தனி வேலைகள், அதாவது டாஸ்க், நான்கு. பிரையாரிட்டி எண் கூடினால் முன்னுரிமை கூடும்:

எடை டாஸ்க் (பிரையாரிட்டி 4): 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை 24 பிட் ஏடிசியை (லோட்செல் சிக்னலை எண்ணாக மாற்றும் சிப்) படித்து ஸ்க்ரூவைக் கட்டுப்படுத்தும். ஏடிசி எஸ்பிஐ பஸ்ஸில் (சிப்புகள் பகிர்ந்துகொள்ளும் தரவுத் தடம்) இருக்கிறது.
மோட்பஸ் டாஸ்க் (3): மற்றக் கருவிகளோடு மோட்பஸ் முறையில் பேசும், 50 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை.
டிஸ்பிளே டாஸ்க் (2): முழுத் திரையையும் வரைய 300 மில்லிசெகண்ட் வரை எடுக்கும். ஆபரேட்டர் பக்கம் மாற்றும்போது மட்டும் முழுத் திரை.
பதிவு டாஸ்க் (1): 5 செகண்டுக்கு ஒருமுறை எழுந்து, முடிந்த பாக்கெட்டுகளின் எடையை ஃபிளாஷ் நினைவகச் சிப்பில் எழுதும். பாக்கெட்டுக்கு 32 பைட். ஃபிளாஷும் அதே எஸ்பிஐ பஸ்தான். பஸ்ஸுக்கு ஒரு பைனரி செமாஃபோரை லாக்காக வைத்திருக்கிறேன்: அதை எடுத்த டாஸ்க் மட்டும் பஸ்ஸைத் தொடலாம், மற்றது காத்திருக்கும்.

வாட்ச்டாக் (குறித்த நேரத்துக்குள் யாரும் தட்டாவிட்டால் சிப்பை ரீசெட் செய்யும் காவல் டைமர்) 200 மில்லிசெகண்ட். எடை டாஸ்க் அதைத் தட்டும்.

தொல்லை இரண்டு. நாளுக்கு ஒருமுறை போல வாட்ச்டாக் ரீசெட் ஆகிறது, சில நாள் ஆவதே இல்லை. இரண்டாவது, ஒரு ஷிப்டில் ஒன்றிரண்டு பாக்கெட் 3, 4 கிராம் கூடுதலாகப் போகிறது. கடைசியில் இருக்கும் சோதனைத் தராசு அவற்றைத் தள்ளிவிடுகிறது. இரண்டும் ஒரே காரணமா, வேறு வேறா என்றே தெரியவில்லை. வாடிக்கையாளர் இடத்தில் 40 போர்டு ஓடிக்கொண்டிருக்கிறது. யாராவது வழி காட்டுங்கள்.

#2 பழைய சாலிடர் (திங்கள், இரவு 11.15)

வாட்ச்டாக் 200 மில்லிசெகண்ட் ரொம்பக் குறைவுங்க. 2 செகண்ட் வையுங்கள், ரீசெட் நின்றுவிடும். நான் பல போர்டில் அப்படித்தான் செய்திருக்கிறேன். எடை கூடுவது லோட்செல் இரைச்சலாக இருக்கும், ஃபில்டரை இறுக்கிப் பாருங்கள்.

#3 கடிகாரமுள் (செவ்வாய், காலை 6.05)

சாலிடர், இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்த இயந்திரத்தில் எடை டாஸ்க் ஓடாமல் 2 செகண்ட் போனால், வேகமான சுற்றில் ஒரு பாக்கெட் அளவுக்கு மேலேயே தூள் வெளியே கொட்டியிருக்கும். மெதுவான சுற்றிலும் 160 கிராம். வாட்ச்டாக் இங்கே பொய் சொல்லவில்லை. 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ஓட வேண்டிய டாஸ்க், 200 மில்லிசெகண்டாக ஓடவில்லை என்று உண்மையைச் சொல்கிறது. சொல்கிறவனின் வாயை அடைத்தால், அடுத்த சேதி வாடிக்கையாளரிடமிருந்து வரும்.

தம்பி எடைக்கல், 200-ஐத் தொடாதீர்கள். முதலில் ஒரே ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள்: அந்த 200 மில்லிசெகண்ட் நேரம் சிபியு யாரிடம் இருந்தது?

#4 வெண்பொறி (செவ்வாய், காலை 9.20)

எடைக்கல், பெரிய காரணத்தைத் தேடுமுன் வழக்கமான இடங்களைப் பார்த்துவிடுங்கள். நான் வாகன எலக்ட்ரானிக்ஸில் இருக்கிறேன். புதியவர்கள் கொண்டுவரும் ஃபிரீஆர்டிஓஎஸ் பிழைகளில் பெரும்பாலானவை இவற்றில் ஒன்றாக இருக்கும்.

இன்டரப்ட் (ஓடும் டாஸ்க்கை இடைமறித்து ஓடும் அவசர நிரல்) பிரையாரிட்டி: உங்களுடையது போன்ற கார்டெக்ஸ்-எம் சிப்பில் எண் குறையக் குறைய அவசரம் கூடும். டாஸ்க் பிரையாரிட்டிக்கு நேர் எதிர். எதுவும் போடாமல் விட்டால் இன்டரப்ட் 0-இல் நிற்கும், அதாவது எல்லாவற்றுக்கும் மேலே. ஃபிரீஆர்டிஓஎஸ் கர்னல் (அதன் மையப் பகுதி) ஒரு எல்லை வைத்திருக்கிறது. அந்த எல்லைக்கு மேலே உள்ள இன்டரப்டிலிருந்து கர்னலின் எந்த ஃபங்ஷனையும் அழைக்கக் கூடாது. அழைத்தால் கர்னலின் உள் பட்டியல்கள் எப்போதாவது ஒருமுறை சிதையும். பல நாள் ஒழுங்காக ஓடிவிட்டு ஒரு நாள் விழும்.

ஸ்டாக் (ஒவ்வொரு டாஸ்க்கின் தற்காலிக நினைவிடம்): அது நிரம்பி வழிகிறதா என்று பார்க்கும் ஓவர்ஃபுளோ சோதனையை 2-ஆம் முறையில் வையுங்கள். ஒவ்வொரு டாஸ்க்கிலும் குறைந்தபட்சம் எவ்வளவு ஸ்டாக் மிஞ்சியது என்று எடுத்துப் பாருங்கள். இந்தச் சிப்புக்கான ஃபிரீஆர்டிஓஎஸ்ஸில் அந்த எண் பைட்டில் வராது, 4 பைட் கொண்ட வேர்டில் வரும்.

அசர்ட் (தவறான நிலை வந்தால் அங்கேயே நிறுத்திக் காட்டும் சோதனை): கான்ஃபிக்கில் அதை இயக்கியிருக்கிறீர்களா? இயக்கியிருந்தால் முதல் தவறு பாதி நேரம் தானாகவே மாட்டும்.

தாமதம்: எடை டாஸ்க்கில் சாதாரண டிலே போட்டிருந்தால், வேலை முடிந்த பிறகுதான் 10 மில்லிசெகண்ட் எண்ணத் தொடங்கும், சுற்று வழுவிக்கொண்டே போகும். "டிலே அன்டில்" வகையைப் பயன்படுத்துங்கள்.

#5 எடைக்கல் (வெள்ளி, இரவு 9.50)

அக்கா, மிக்க நன்றி. மோட்பஸ் ஓடும் யூஆர்ட் (சீரியல் தொடர்பு) இன்டரப்ட் 0-இல்தான் இருந்தது! அதிலிருந்து கர்னலின் கியூவுக்கு (டாஸ்க்குகளுக்கான செய்தி வரிசை) அனுப்பிக்கொண்டும் இருந்தேன். அசர்டை இயக்கியதுமே மாட்டியது. திருத்திவிட்டேன். டிலேயையும் மாற்றிவிட்டேன். ஸ்டாக் எல்லாம் பாதிக்கு மேல் காலியாக இருக்கிறது.

இதோடு முடிந்தது என்று சந்தோஷப்பட்டேன். நேற்று மதியம் மறுபடி ரீசெட்.

சந்தேகப்பட்ட இடங்களில் யூஆர்ட்டில் ஒரு வரி அச்சிட்டுப் பார்த்தால் இரண்டு நாளானாலும் ரீசெட் வருவதில்லை. எடுத்துவிட்டால் வருகிறது. இதுதான் என்னை மிகவும் அலைக்கழிக்கிறது.

#6 மாணவன்22 (வெள்ளி, இரவு 10.30)

கல்லூரி இறுதியாண்டு படிக்கிறேன், தவறாகச் சொன்னால் திருத்துங்கள். வகுப்பில் ரேட் மோனோடோனிக் (அடிக்கடி ஓடும் டாஸ்க்குக்கு உயர்ந்த பிரையாரிட்டி தரும் முறை) நடத்தினார்கள். லியு, லேலண்ட் இருவரும் 1973-இல் கொடுத்த வரம்பின்படி நான்கு டாஸ்க்குக்கு மொத்தச் சுமை 75.7 சதவீதத்துக்குள் இருந்தால் எல்லா டெட்லைனும் (கெடு) நிறைவேறும்.

எடைக்கல் அண்ணா கொடுத்த எண்களோடு சிலவற்றை நானே ஊகித்துக் கணக்குப் போட்டேன். எடை டாஸ்க் 10-இல் 0.9 மில்லிசெகண்ட் என்றால் 9 சதவீதம். மோட்பஸ் 50-இல் 4 என்றால் 8. டிஸ்பிளே செகண்டுக்கு ஒரு முழுத் திரை என்று வைத்தாலும் 30. பதிவு 5 செகண்டில் 60 மில்லிசெகண்ட், 1.2. கூட்டினால் 48 சொச்சம். வரம்புக்கு வெகு கீழே இருக்கிறது. பிறகு எப்படி டெட்லைன் தவறுகிறது? இன்னும் வேகமான சிப் போட்டால் சரியாகுமா?

#7 கடிகாரமுள் (சனி, காலை 5.50)

மாணவத் தம்பி, கணக்குப் போட்டுவிட்டு வந்து கேட்டதற்கே உன்னைப் பாராட்ட வேண்டும். கணக்கும் சரி. ஆனால் அந்தத் தேற்றம் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது: டாஸ்க்குகள் ஒன்றையொன்று சாராதவை. யாரும் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார்கள். இங்கே நான்கில் இரண்டு டாஸ்க் ஒரே பஸ்ஸுக்குக் காத்திருக்கின்றன. காத்திருக்கும் நேரத்தை உன் கணக்கில் எங்கே சேர்த்தாய்?

வேகமான சிப் பற்றி. ரியல்டைம் என்றால் வேகம் என்று நினைப்பது பரவலான தவறு. சராசரியாக 1 மில்லிசெகண்டில் முடித்து, எப்போதோ ஒருமுறை 300 எடுக்கும் நிரல் இந்த வேலைக்கு உதவாது. எப்போதும் 8 எடுக்கும் நிரல் உதவும். நமக்கு வேண்டியது மிக மோசமான நேரத்திலும் இதற்கு மேல் போகாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கக்கூடிய ஒரு எண். சராசரியை வைத்து அந்தக் கையெழுத்தைப் போட முடியாது.

எடைக்கல், அச்சிட்டால் பிழை மறைவது இயல்பு. ஒரு வரி அச்சிட யூஆர்ட்டுக்குச் சில மில்லிசெகண்ட் ஆகும், அதற்குள் டாஸ்க்குகள் சந்திக்கும் நேரமே மாறிவிடும். நேரத்தைத் தொடாமல் பார்க்கும் வழி வேண்டும். இப்படிச் செய்து பாருங்கள்.

ஒரு டைமரை 150 மில்லிசெகண்டுக்கு வையுங்கள். எடை டாஸ்க் வாட்ச்டாக்கைத் தட்டும்போதெல்லாம் இதையும் பூஜ்யமாக்கட்டும். 150 ஆகிவிட்டால் அதன் இன்டரப்ட் வரும், ரீசெட்டுக்கு இன்னும் 50 இருக்கும். அதற்குள் மூன்று விஷயங்களை சிப்பின் பேக்கப் ரெஜிஸ்டரில் எழுதிவிடுங்கள்: இப்போது ஓடும் டாஸ்க் எது, லாக் யார் கையில், எடை டாஸ்க் எந்த நிலையில் நிற்கிறது. பேக்கப் ரெஜிஸ்டர் வாட்ச்டாக் ரீசெட்டில் அழியாது. பைனரி செமாஃபோர் தன்னை யார் எடுத்தார்கள் என்று நினைவில் வைக்காது. ஆகவே எடுக்கும் இடத்தில் நீங்களே ஒரு மாறியில் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த இன்டரப்டின் அவசரத்தை கர்னல் எல்லைக்கு மேலே, அதாவது எண்ணில் அதைவிடக் குறைவாக, வையுங்கள், கர்னலின் எந்த ஃபங்ஷனையும் அழைக்காதீர்கள். மாறிகளைப் படித்து எழுதினால் போதும்.

#8 எடைக்கல் (செவ்வாய், மதியம் 2.10)

சார், மாட்டிவிட்டது!!

நேற்று மாலை ஒன்று, இன்று காலை ஒன்று. இரண்டிலும் ஒரே படம்.

ஓடிக்கொண்டிருந்தது: டிஸ்பிளே டாஸ்க்.
லாக் இருந்தது: பதிவு டாஸ்க் கையில்.
எடை டாஸ்க்: லாக்குக்குக் காத்திருக்கிறது.

திரை வரையும்போது டிஸ்பிளே எஸ்பிஐ பஸ்ஸையே தொடுவதில்லை சார். அதன் திரை பேரலல் பஸ்ஸில் இருக்கிறது. பிறகு எப்படி அது எடை டாஸ்க்கை நிறுத்த முடியும்? அதன் பிரையாரிட்டி 2, எடைக்கு 4.

#9 கடிகாரமுள் (செவ்வாய், இரவு 8.30)

இப்போது நீங்கள் நிற்கும் இடத்தில் 1997-இல் செவ்வாய்க் கிரகத்தில் ஒரு கலம் நின்றது. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் போர்டில் நடந்தது அப்படியே அதுதான்.

மார்ஸ் பாத்ஃபைண்டர் 1997 ஜூலை 4 அன்று இறங்கியது. படங்கள் வந்தன, உலகமே கொண்டாடியது. சில நாளில், வானிலைக் கருவி தரவு சேகரிக்கத் தொடங்கிய பிறகு, கலத்தின் கணினி தானாக ரீசெட் ஆகத் தொடங்கியது. ஒவ்வொரு ரீசெட்டுக்கும் அன்றைய மீதி வேலைகள் மறுநாளுக்குத் தள்ளிப்போயின.

உள்ளே ஓடியது விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற ஆர்டிஓஎஸ். வானிலைக் கருவி உள்ளிட்ட சில கருவிகள் 1553 என்ற பஸ்ஸில் இருந்தன. பஸ்ஸின் சுற்று செகண்டுக்கு 8 முறை, அதாவது 125 மில்லிசெகண்ட். பஸ்ஸில் வந்த தரவைப் பகிர்ந்தளிக்கும் டாஸ்க்குக்கு உயர்ந்த பிரையாரிட்டி. வானிலைத் தரவை எடுக்கும் டாஸ்க்குக்குத் தாழ்ந்த பிரையாரிட்டி. இருவருக்கும் நடுவில் ஒரு மியூடெக்ஸ், அதாவது ஒரு சமயம் ஒருவர் மட்டும் எடுக்கக்கூடிய லாக். தாழ்ந்தவர் மியூடெக்ஸை எடுத்துக்கொண்டு வேலை செய்கிறார். உயர்ந்தவர் வந்து, மியூடெக்ஸ் இல்லாததால் காத்திருக்கிறார். இதுவரை பாதகமில்லை, தாழ்ந்தவர் சட்டென்று முடித்துக் கொடுத்துவிடுவார். ஆனால் அதே சமயம் நடுத்தரப் பிரையாரிட்டி டாஸ்க் ஒன்று எழுந்து ஓடத் தொடங்குகிறது. அதற்கு மியூடெக்ஸோடு எந்தத் தொடர்பும் இல்லை. தாழ்ந்தவரை விட உயர்ந்தது என்பதால் அவரை ஓடவிடாமல் சிபியுவைப் பிடித்துக்கொள்கிறது. தாழ்ந்தவர் ஓடாமல் மியூடெக்ஸ் திரும்பாது. மியூடெக்ஸ் திரும்பாமல் உயர்ந்தவர் ஓட முடியாது. ஆக, நடுவில் இருப்பவர் எல்லாருக்கும் மேலே இருப்பவரை நிறுத்திவிட்டார். அடுத்த சுற்றில், பகிர்ந்தளிக்கும் வேலை முடியவில்லை என்று கண்ட இன்னொரு டாஸ்க் கணினியையே ரீசெட் செய்தது.

இதன் பெயர் பிரையாரிட்டி இன்வெர்ஷன். முன்னுரிமை தலைகீழாவது. உங்கள் எடை டாஸ்க் அந்த உயர்ந்தவர், பதிவு டாஸ்க் வானிலைக்காரர், டிஸ்பிளே நடுவில் வந்தவர்.

மென்பொருள் குழுவினர் பூமியில் இருந்த மாதிரிக் கலத்தில், நிகழ்வுகளைப் பதிவுசெய்யும் வசதியை இயக்கி, அதே நிலைமையை மறுபடி வரவழைத்துக் கண்டுபிடித்தார்கள். அந்த மியூடெக்ஸில் பிரையாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ் அணைக்கப்பட்டிருந்தது. அதை இயக்கும் திருத்தத்தைப் பூமியிலிருந்து அனுப்பினார்கள். ரீசெட் நின்றது. என் மனதில் பதிந்த இன்னொன்று உண்டு. புறப்படுமுன் சோதனையிலேயே இந்த ரீசெட்டைப் பார்த்திருக்கிறார்கள். மறுபடி வரவழைக்க முடியாததால் அப்போது பிடிபடவில்லை. உங்களுக்கு அச்சிட்டால் மறைகிறதே, அந்த வகைப் பிழைதான்.

இன்ஹெரிட்டன்ஸ் என்பது இதுதான்: உயர்ந்தவர் காத்திருக்கும் வரை, லாக்கை வைத்திருக்கும் தாழ்ந்தவருக்கு அவருடைய பிரையாரிட்டியைக் கடனாகக் கொடுப்பது. அப்போது நடுவில் யாரும் புக முடியாது. லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி மூவரும் 1990-இல் இந்த முறையை ஆராய்ந்து எழுதினார்கள். ராஜ்குமார் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்று, பிறகு கார்னகி மெலன் சென்றவர். இந்தத் துறைக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகளிடம் நான் தவறாமல் சொல்லும் பெயர் இது.

உங்களுக்கு வேண்டிய திருத்தம் சின்னது. ஃபிரீஆர்டிஓஎஸ்ஸில் பைனரி செமாஃபோருக்கு இன்ஹெரிட்டன்ஸ் கிடையாது, மியூடெக்ஸுக்கு உண்டு. உருவாக்கும் வரியை மாற்றுங்கள். எடுப்பதும் கொடுப்பதும் அப்படியே இருக்கட்டும். ஒன்று கவனம்: மியூடெக்ஸை எடுத்த டாஸ்க்கேதான் கொடுக்க வேண்டும், இன்டரப்டிலிருந்து தொடக் கூடாது.

#10 தறிக்காரன் (செவ்வாய், இரவு 9.45)

நல்ல விளக்கம். ஆனாலும் கேட்கிறேன், நான்கு வேலைக்கு ஆர்டிஓஎஸ் எதற்கு? நான் 15 வருடமாக ஒரு பெரிய லூப், ஒரு டைமர் இன்டரப்ட், அவ்வளவுதான். 10 மில்லிசெகண்ட் இன்டரப்டிலேயே ஏடிசியைப் படித்து ஸ்க்ரூவை நிறுத்திவிடலாம். மியூடெக்ஸும் வேண்டாம், இன்வெர்ஷனும் வராது. இன்னொன்று, அந்தச் சிப்பில் இரண்டு எஸ்பிஐ இருக்கிறதே. ஃபிளாஷை இரண்டாவதுக்கு மாற்றினால் சண்டையே தீர்ந்தது.

#11 வெண்பொறி (செவ்வாய், இரவு 10.20)

தறிக்காரன் அண்ணா, இரண்டாவது யோசனை மிகச் சரி. பகிராத பொருளுக்கு லாக் தேவையே இல்லை. அடுத்த போர்டில் கட்டாயம் செய்ய வேண்டியது.

முதல் யோசனையில் ஒரு பள்ளம் இருக்கிறது. இன்டரப்ட் வரும் நேரம் ஃபிளாஷ் எழுத்து பாதியில் இருந்தால்? இன்டரப்ட் காத்திருக்க முடியாது. அந்தச் சுற்றை விட்டுவிட வேண்டும், அல்லது ஃபிளாஷ் எழுதும் நேரமெல்லாம் இன்டரப்டை அணைக்க வேண்டும். அணைத்தால் அதுவும் ஒரு லாக்தான், பெயர் மட்டும் வேறு. பொருள் பகிரப்படும் வரை காத்திருப்பும் இருக்கும். பெரிய லூப்பை நான் குறைவாக மதிக்கவில்லை, எங்கள் துறையில் இன்றும் அப்படி ஓடும் நல்ல கருவிகள் ஏராளம். ஆனால் 300 மில்லிசெகண்ட் திரை வரையும் வேலையை லூப்பில் வைத்தால், அதை நாமே கையால் துண்டு துண்டாக நறுக்க வேண்டியிருக்கும்.

#12 எடைக்கல் (திங்கள், இரவு 9.15)

மியூடெக்ஸாக மாற்றி ஆறு நாள். ஒரு ரீசெட்கூட இல்லை. கடிகாரமுள் சாருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

ஆனால் கனத்த பாக்கெட் நிற்கவில்லை. அதே 3, 4 கிராம், ஷிப்டுக்கு இரண்டு மூன்று. ஃபில்டரை மாற்றிப் பார்த்தேன், லோட்செல்லையே மாற்றிப் பார்த்தேன். பாக்கெட் எண் தினமும் காலை பூஜ்யத்திலிருந்து தொடங்கும், பதிவும் புது இடத்திலிருந்து தொடங்கும். தள்ளப்பட்ட பாக்கெட் எண்கள்:

சனி: 1538, 6915, 11524
இன்று: 4355, 9602

இதில் ஏதாவது தெரிகிறதா?

#13 வெண்பொறி (திங்கள், இரவு 10.05)

தெரிகிறது! ஐந்து எண்ணையும் 128-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதி 2, 3, 4, 3, 2. ஒன்றுகூட விலகவில்லை.

128 எங்கிருந்து வருகிறது? பாக்கெட்டுக்கு 32 பைட் எழுதுகிறீர்கள். ஃபிளாஷின் ஒரு செக்டர் (ஒரே தடவையில் அழிக்கும் பகுதி) 4096 பைட். 4096-ஐ 32-ஆல் வகுத்தால் 128. அதாவது 128 பாக்கெட்டுக்கு ஒருமுறை புதுச் செக்டர், புதுச் செக்டர் என்றால் அழிக்க வேண்டும். 129-ஆவது பதிவுக்கு அழிப்பு தேவை, ஆனால் பதிவு டாஸ்க் 5 செகண்டுக்கு ஒருமுறைதான் எழும். அதற்குள் 130, 131, 132-இல் ஏதோ ஒன்று நிரம்பிக்கொண்டிருக்கும். மீதி 2, 3, 4 அதனால்தான்.

இந்த வகை சிப்பில் செக்டர் அழிக்கப் பொதுவாக 45 மில்லிசெகண்ட், டேட்டாஷீட் சொல்லும் அதிகபட்சம் 400. அழிக்கும் கட்டளை கொடுத்துவிட்டு, முடியும் வரை லாக்கைக் கையில் வைத்தபடி ஸ்டேட்டஸ் (முடிந்ததா என்று சொல்லும் பைட்) படித்துக்கொண்டிருக்கிறீர்களா?

#14 எடைக்கல் (திங்கள், இரவு 10.25)

ஆமாம் அக்கா. அப்படியேதான். முழு நேரமும் லாக்குக்குள்.

இதைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். மூன்று வாரமாக லோட்செல்லைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

#15 கடிகாரமுள் (செவ்வாய், காலை 6.00)

வெண்பொறி, அருமை. ஐந்து எண்ணிலிருந்து செக்டரைக் கண்டுபிடித்தீர்கள். மனம் நிறைந்தது.

மாணவத் தம்பி, நீ கேட்ட கேள்விக்கு விடை இங்கே முழுதாகக் கிடைக்கிறது. இன்ஹெரிட்டன்ஸ் காத்திருப்பை ஒழிக்காது, வரம்பு கட்டும். அந்த வரம்பு, தாழ்ந்தவர் லாக்கைப் பிடித்திருக்கும் மிக நீண்ட நேரம். அந்த நேரம் 55 மில்லிசெகண்ட் என்றால், உலகின் மிகச் சிறந்த மியூடெக்ஸாலும் எடை டாஸ்க் 55 காத்திருக்கும். செகண்டுக்கு 80 கிராம் வீதம் 4.4 கிராம். எடைக்கல்லின் 3, 4 கிராம் எங்கிருந்து வந்தது என்று இப்போது நீயே சொல்லிவிடலாம். மெதுவான சுற்றின் கடைசி நொடியில் அழிப்பு வந்து விழுந்தால் மட்டும் எடை கூடும். மற்ற நேரம் விழுந்தால் யாருக்கும் தெரியாது. அதனால்தான் 128-க்கு ஒன்று கூடாமல் ஷிப்டுக்கு ஒன்றிரண்டு.

உன் 48 சதவீதக் கணக்கில், ஒவ்வொரு டாஸ்க்கின் நேரத்தோடும் அதைவிடத் தாழ்ந்தவர் பிடிக்கும் மிக நீண்ட லாக் நேரத்தைக் கூட்டு. எடை டாஸ்க்குக்கு 0.9-உடன் 55. அதன் சுற்றோ 10. அங்கேயே உடைந்துவிடும்.

#16 வெண்பொறி (செவ்வாய், காலை 9.40)

திருத்தம்: அழிக்கும் கட்டளையை அனுப்பியதும் சிப் செலக்டை (பஸ்ஸில் ஃபிளாஷைத் தேர்ந்தெடுக்கும் கம்பி) விட்டுவிடுங்கள், லாக்கையும் கொடுத்துவிடுங்கள். ஃபிளாஷ் தன்பாட்டுக்கு உள்ளே அழித்துக்கொண்டிருக்கும், அந்த நேரம் பஸ் அதற்குத் தேவையில்லை. பதிவு டாஸ்க் 5 மில்லிசெகண்ட் தூங்கி எழுந்து, லாக்கை எடுத்து ஸ்டேட்டஸ் ஒரு பைட் படித்து, லாக்கைக் கொடுத்து மறுபடி தூங்கட்டும். எழுதும்போதும் அப்படியே.

ஒரு எச்சரிக்கை. ஃபிளாஷை வேறு யாராவது படிக்கிறார்களா? அழிப்பு நடக்கும்போது ஸ்டேட்டஸ் படிப்பது போன்ற ஓரிரண்டு தவிர மற்றக் கட்டளைகளைச் சிப் ஏற்காது. அந்த நேரம் படித்தால் குப்பை வரும். முன்பு நீண்ட லாக் அதையும் சேர்த்துக் காத்துக்கொண்டிருந்தது, இப்போது அந்தக் காவல் போய்விடும்.

#17 எடைக்கல் (செவ்வாய், இரவு 9.00)

படிக்கிறார்கள் அக்கா. ரெசிபி மாற்றும்போது டிஸ்பிளே டாஸ்க் ஃபிளாஷிலிருந்து எடுக்கிறது. அப்படியானால் ஃபிளாஷுக்குத் தனி மியூடெக்ஸ், பஸ்ஸுக்குத் தனி மியூடெக்ஸ் வைக்கட்டுமா?

#18 கடிகாரமுள் (புதன், காலை 5.45)

வைக்கலாம், ஆனால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். எல்லா டாஸ்க்கும் ஒரே வரிசையில் எடுக்க வேண்டும், முதலில் ஃபிளாஷ், பிறகு பஸ். ஒருவர் மாற்றி எடுத்தால் என்றாவது ஒரு நாள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றுவிடுவார்கள்.

இரண்டாவது ஃபிரீஆர்டிஓஎஸ்ஸுக்கே உரியது, பலருக்குத் தெரிவதில்லை. கடனாக வாங்கிய பிரையாரிட்டியை ஒரு டாஸ்க் திருப்பிக் கொடுப்பது, அது வைத்திருக்கும் எல்லா மியூடெக்ஸையும் விட்ட பிறகுதான். பதிவு டாஸ்க் ஃபிளாஷ் மியூடெக்ஸைப் பிடித்தபடி பஸ் மியூடெக்ஸுக்காக எடை டாஸ்க்கின் பிரையாரிட்டியை வாங்கினால், பஸ்ஸை விட்ட பிறகும் 4-லேயே நிற்கும், ஃபிளாஷை விடும் வரை. அதுவரை மோட்பஸ்ஸுக்கு மேலே உட்கார்ந்திருக்கும்.

நான் செய்வதென்றால் ஃபிளாஷுக்கு மியூடெக்ஸே வைக்க மாட்டேன். ஃபிளாஷ் பதிவு டாஸ்க்குக்கு மட்டும் சொந்தம். வேறு யாருக்கு ரெசிபி வேண்டுமானாலும் அதன் கியூவில் கேட்கட்டும், அது எடுத்துக் கொடுக்கட்டும். ஆபரேட்டர் ரெசிபிக்கு அரை செகண்ட் காத்திருப்பார். தூள் காத்திருக்காது.

கூடவே, பஸ் லாக்கை எடுக்கும்போதும் விடும்போதும் சிப்பின் சைக்கிள் கவுண்டரை (கடிகாரத் துடிப்புகளை எண்ணுவது) படித்து, மிக நீண்ட பிடிப்பைச் சேமியுங்கள். 72 மெகாஹெர்ட்ஸில் அது சுமார் 60 செகண்டில் ஒருமுறை நிரம்பித் திரும்பும். குறியில்லாக் கழித்தல் செய்தால் அதுவும் தொல்லை தராது.

#19 பழைய சாலிடர் (புதன், காலை 10.10)

கடிகாரமுள் சார், முதல் நாள் நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். என் பழைய போர்டுகள் இரண்டில் வாட்ச்டாக்கை 2 செகண்டுக்கு ஏற்றிவிட்டுத்தான் கொடுத்தேன். நேற்றிரவு அந்தக் கோடை எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் அதே பைனரி செமாஃபோர், அதே பஸ். அடுத்த வாரம் நேரில் போய் மாற்றிக் கொடுக்கிறேன்.

சார், ஒரு சந்தேகம். வாட்ச்டாக்கை எடை டாஸ்க் மட்டும் தட்டினால் போதுமா?

#20 கடிகாரமுள் (புதன், மதியம் 1.00)

சாலிடர், இதை எழுத மனம் வேண்டும். நன்றி.

போதாது. மோட்பஸ் டாஸ்க் செத்துக் கிடந்தாலும் எடை டாஸ்க் தட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு டாஸ்க்கும் தன் சுற்று முடிந்ததும் தனக்கான பிட்டை உயர்த்தட்டும். ஒவ்வொன்றுக்கும் அதன் சுற்றுக்கு ஏற்ற கெடு இருக்கட்டும். ஒரே இடத்தில், எல்லாரும் கெடுவுக்குள் வந்திருந்தால் மட்டும் வாட்ச்டாக்கைத் தட்டுங்கள். டைமர் இன்டரப்டிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு தட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். டாஸ்க் எல்லாம் நின்றுபோனாலும் இன்டரப்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

#21 எடைக்கல் (இரண்டு வாரம் கழித்து, சனி, இரவு 8.20)

தலைப்பில் "தீர்ந்தது" என்று சேர்த்துவிட்டேன்.

ஃபிளாஷ் இப்போது பதிவு டாஸ்க்குக்கு மட்டும் சொந்தம். அழிப்பு லாக்குக்கு வெளியே நடக்கிறது. பஸ் லாக்கின் மிக நீண்ட பிடிப்பு, 11 நாள் ஓட்டத்தில், 0.31 மில்லிசெகண்ட். 9 மெகாஹெர்ட்ஸில் 256 பைட் அனுப்பும் நேரமே 0.23, மீதி ஃபங்ஷன் செலவு. கணக்கும் அளவும் ஒத்துப்போகிறது. பழைய கோடில் இதே அளவு 57-ஐத் தொட்டிருந்தது.

ரீசெட் பூஜ்யம். 11 நாளில் தராசு தள்ளிய பாக்கெட் நான்கு. நான்குமே 128-இன் பக்கத்தில்கூட இல்லை, எல்லாம் எடை குறைந்தவை. ஹாப்பரில் தூள் தீர்ந்தபோது வந்தவை என்று ஆபரேட்டர் சொன்னார்.

150 மில்லிசெகண்ட் முன்னறிவிப்பு இன்டரப்டை எடுக்கவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன். வாட்ச்டாக் தட்டுவதை வெண்பொறி அக்காவிடம் தனிச்செய்தியில் கேட்டுத் திருத்தி எழுதினேன். அடுத்த போர்டின் வரைபடத்தில் ஃபிளாஷ் இரண்டாவது எஸ்பிஐக்குப் போய்விட்டது, தறிக்காரன் அண்ணாவுக்கு நன்றி.

புதிய ஃபர்ம்வேரை 40 போர்டில் 12-இல் ஏற்றியாகிவிட்டது. திங்கட்கிழமை ஈரோட்டில் ஆறு இருக்கிறது, காலை முதல் பஸ்ஸில் கிளம்புகிறேன்.

#22 மாணவன்22 (சனி, இரவு 9.05)

எடைக்கல் அண்ணா, 55-க்குப் பதில் 0.31 போட்டு மறுபடி கணக்குப் போட்டேன். எடை டாஸ்க்குக்கு 1.21, சுற்று 10. நிற்கிறது. என் ப்ராஜெக்டுக்கு இதையே சிறிய அளவில், ஒரு பழைய போர்டில் மூன்று டாஸ்க்கும் ஒரு எல்இடியும் வைத்துச் செய்து காட்ட விரும்புகிறேன். செமாஃபோர் வைத்தால் எல்இடி தடுமாற வேண்டும், மியூடெக்ஸ் வைத்தால் சீராக மின்ன வேண்டும். சர்க்யூட்டை இங்கே போட்டால் பார்த்துச் சொல்வீர்களா?

#23 கடிகாரமுள் (ஞாயிறு, காலை 6.10)

போடு தம்பி. புது இழையாகப் போடு.